குதித்த இடத்தில் போட் நிற்காது

யாழினி, கவின், ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். செந்தில் மாமா அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தால் ஒளித்து வைக்க வேண்டாம், சத்தமாகவே படியுங்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "ம்" போடுகிறீர்கள். நடுவில் யாரோ கூப்பிடுகிறார்கள், "அப்புறம் பேசுறேம்ப்பா" என்று முடிந்துவிடுகிறது. எழுதினால் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

1

நேற்று வெள்ளிக்கிழமை. இங்கே மாலத்தீவில் அதுதான் வார விடுமுறை. துணியைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு வில்லாபுரம் வீட்டுக்குப் போன் போட்டேன். கவின் எடுத்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன்.

"அப்பா, மாமாவ நடுக்கடல்ல விட்டுட்டு போட்ட ஓட்டிட்டுப் போயிட்டீங்களாம்ல?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. பார்க்காமல் விட்ட சினிமாவைப் பற்றிக் கேட்பது போல ஆசையாகக் கேட்டான். பின்னால் யாழினி சிரிக்கிற சத்தம் வந்தது. மாமா தன்னந்தனி ஆளாகக் கடலை எதிர்த்து நீந்தித்தான் உயிர் பிழைத்தாராம். நாங்கள் பயந்துபோய்ப் போட்டைத் திருப்பிக்கொண்டு ஓடினோமாம். அவனியாபுரத்தில் மாமா பழைய கார் வாங்கி விற்கிற பட்டறையில் தினமும் டீயோடு இந்தக் கதையும் வருகிறதாம்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பரீட்சை முடிந்ததும் கவினைக் கூட்டிக்கொண்டு மாமா மறுபடியும் இங்கே வருகிறாராம். ரெண்டு பேரும் கடலுக்குள் இறங்கப் போகிறார்களாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடித் தோட்டத்துக் கிணற்றில் பயிற்சி நடக்கிறதாம். என்ன பயிற்சி என்று கேட்டேன்.

"எதிர்நீச்சல்ப்பா. கை அசராம நீந்துனா எந்தக் கடலும் ஒண்ணும் பண்ணாதுன்னு மாமா சொல்லிருக்காரு."

கிணற்றில் எந்தத் தண்ணீரை எதிர்த்து நீந்துகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. உங்கள் மாமாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் இம்புட்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அந்த வாக்கை உடைக்கிறேன். கவின் வருவதாக இல்லாவிட்டால் உடைத்திருக்க மாட்டேன்.

2

முதலில் என் வேலை. உங்கள் அம்மா வீட்டு ஆட்கள் என்னைக் கப்பல் ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். போன லீவில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என்னிடம் கப்பல் எத்தனை மாடி என்று கேட்டார். ரெண்டு மாடி என்றேன். கீழே டேங்கும் ஆட்களும், மேலே நான். அவர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

வெளிநாட்டு ஆட்கள் வாடகைக்கு எடுக்கிற மரப் போட் அது. இந்த ஊரிலும் அதைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு அவர்கள் கடலுக்குள் குதிப்பார்கள். கீழே நீரோட்டம் இருக்கும். அது இழுக்கிற பக்கமெல்லாம் போய், பாறையும் மீனும் பார்த்துவிட்டு, வேறு எங்கோ மேலே வருவார்கள். அந்த வேறு எங்கோ எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மொட்டை மாடியில் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போவதற்குச் சொந்தச் செலவில் விமானம் ஏறி வருகிறவர்களை நான் இங்கே வந்துதான் பார்த்தேன். காலைச் சாப்பாட்டில் இருந்தே பெருமை ஆரம்பித்துவிடும். ஒருவர் எத்தனை கடலில் இறங்கியிருக்கிறார் என்று சொல்வார், அடுத்தவர் அதைவிட ஒன்று கூடச் சொல்வார். ஒரு ஆள் என்னிடம் நீரோட்டம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டார், பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ்ஸைக் கேட்கிற மாதிரி. தண்ணீருக்குள் ஆடாமல் நிற்கத் தெரியாதவர் கையில்தான் பெரிய கேமரா இருக்கும். மேலே வந்ததும் கடல் சரியில்லை என்று குறை சொல்வதும் அவர்தான்.

ஆபீஸ்காரர்கள் அதற்கு மேல். வருசா வருசம் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்புவார்கள். இந்த வருசமும் எனக்கு அதே நெஞ்சுதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வேலை அனுமதி அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையில் என் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் உங்கள் தாத்தா பெயர் ஒரு கட்டத்திலும் என் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கப் போய், இங்கே வந்த நாளில் இருந்து எல்லோரும் என்னைப் பெரியகருப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதுவும் வாயில் நுழையாமல் பெரி என்று ஆகிவிட்டது. முருகேசன் என்று கூப்பிடுவது உங்கள் அம்மா மட்டும்தான், அதுவும் கோபம் வந்தால்.

3

இந்தக் கடலில் தண்ணீர் ஒரே பக்கம் போகாது. வட்டமாகப் பவளப்பாறை, அதற்கு நடுவில் ஆழமில்லாத கடல், வெளியே பெருங்கடல். பாறை வட்டத்தில் அங்கங்கே சந்து மாதிரி வாய் இருக்கும். கடல் ஏறும்போது அந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். காற்று மாறும் மாதங்களில் அந்தக் கணக்கும் குழம்பிவிடும். காலையில் உள்ளே தள்ளிய தண்ணீர், டேங்கில் பாதிக் காற்று தீர்வதற்குள் வெளியே இழுக்க ஆரம்பிக்கும்.

அதனால் ஆட்களை இறக்குமுன் மார்த்தா முதலில் குதித்துப் பார்ப்பாள். மார்த்தா எங்கள் போட்டில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிற வழிகாட்டி, வெள்ளைக்காரப் பெண். மீன்கள் எந்தப் பக்கம் முகத்தை வைத்து நிற்கின்றன என்று பார்ப்பாள். எதிரே தண்ணீர் வருகிற பக்கம்தான் மீன் முகம் இருக்கும். அப்புறம் மேலே வந்து கேப்டன் அப்துல்லாவிடம் சொல்வாள். அவர் நாங்கள் தங்கியிருக்கிற தீவிலேயே பிறந்தவர், அதிகம் பேச மாட்டார். அவர் போட்டை ஏற்ற இடத்தில் கொண்டுபோய் வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் குதிப்பார்கள். அதோடு அந்த இடத்தில் எங்களுக்கு வேலை முடிந்தது. நாங்கள் நங்கூரம் போடுவதில்லை. அவர்களோடு மேலே நாங்களும் நகர்ந்துகொண்டே போவோம்.

முடிக்கிற நேரத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தே ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளமான பலூனை ஊதி மேலே அனுப்புவார்கள், ஆள் உயரம் இருக்கும். ஒவ்வொருத்தர் இடுப்பிலும் ஒன்று சுருட்டிக் கட்டியிருக்கும். அலைக்கு நடுவில் மனிதத் தலை தேங்காய் மாதிரி, தெரியவே தெரியாது. பலூன்தான் தெரியும். அது எங்கே நிற்கிறதோ அங்கே போட் போகும்.

வில்லாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறிப் பெரியாரில் இறங்குகிறவன், ஆட்டோ ஏன் வில்லாபுரத்தில் நிற்கவில்லை என்று சண்டை போடுவானா? இம்புட்டுதான் விசயம். இது புரியாமல் செத்துப்போக இருந்தது யார் என்று அடுத்துச் சொல்கிறேன். எனக்கும் இந்தப் போட் புத்திதான் ஊறிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன லீவில் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோக்காரரிடம் "அண்ணே, போட்ட இங்க நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டேன். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

4

செந்தில் இங்கே வருவதாகச் சொன்னபோது சந்தோசப்பட்டது நான்தான். ஊர் முகம் ஒன்று கண்ணில் பட்டு எம்புட்டோ நாளாகிவிட்டது. புதுச்சேரிக்குப் போய் ஒரு வாரத்தில் டைவிங் கற்றுக்கொண்டு அட்டை வாங்கி வந்திருந்தான். இறங்கிய அன்றைக்கே கேப்டனிடம் என் தோளில் கை போட்டு, தான் பிறந்ததே தண்ணீரில்தான் என்றான். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவன் நீச்சல் தெரியாதவன் இல்லை. அதுதான் சிக்கலே. கீழக்குயில்குடித் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் மேலே ஏறிக் குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பான். அந்தப் பக்கத்துக்கே அவன்தான் பெரிய ஆள். ஆனால் கிணற்று நீச்சல் எப்படி? குதிப்போம், அடி வரைக்கும் போய் மண் எடுப்போம், மேலே வந்து சுவரைச் சுற்றுவோம், கடைசியில் படிக்கு வருவோம். படி ஒரு இடத்தில்தான் இருக்கும். எந்தக் காலத்திலும் அது நகர்ந்து போனதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நீந்தினாலும் கை போய்ப் படியில்தான் படும். நம்ம பக்கத்து ஆட்கள் நீச்சல் பழகியது முழுக்க இப்படித்தான். நீந்துவது என்றாலே நமக்குத் திரும்பி வருவது.

இறங்குமுன் மார்த்தா பாடம் சொன்னபோது அவன் அவளைப் பார்க்கவில்லை, அவளை வீடியோ எடுத்தான். பிரிந்துவிட்டால் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வர வேண்டும், பலூனை ஊத வேண்டும், பேசாமல் மிதக்க வேண்டும் என்று அவள் கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். நான் அதைத் தமிழில் ஒருமுறை சொன்னேன்.

"மச்சான், வாத்தியார் வேலையெல்லாம் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான்.

5

நாங்கள் போனது பாறை வாய்கூட இல்லை. அதற்குப் பக்கத்துச் சரிவு, புதிய ஆட்களைக் கூட்டிப்போகிற இடம். தண்ணீர் உள்பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மார்த்தாவோடு செந்திலும் வேறு நாலு பேரும் குதித்தார்கள்.

கீழே ஒரு ஆமையைப் படம் எடுக்க இவன் நின்றுவிட்டான். தண்ணீர் நிற்கவில்லை. மார்த்தா திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. சொன்னபடி தேடிவிட்டு மற்றவர்களோடு மேலே வந்து பலூன் விட்டாள். நாங்கள் போய் அவர்களை ஏற்றினோம். ஏற்றி முடிப்பதற்குள் கடல் திரும்பிவிட்டது. கேப்டன் உயிர்காப்புச் சட்டைகள் ரெண்டைச் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் வீசினார். வீசுகிற பொருள் எந்தப் பக்கம் போகிறதோ ஆளும் அந்தப் பக்கம்தான் போயிருப்பான் என்பது கணக்கு. அது விறுவிறு என்று வெளியே, பெருங்கடல் பக்கம் போனது. அது போன வழியிலேயே போட், குதித்த இடத்தையும் தாண்டி வெளியே போனது. நான் மேலே நின்று பைனாகுலரில் பார்த்தேன். அலை, அலைக்கு அந்தப் பக்கம் அலை. ஆரஞ்சு எங்கேயும் இல்லை. உங்கள் அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அப்போதே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தேடுவது மிதக்கிறவனை. இவன் மிதக்க மாட்டான். மேலே வந்திருப்பான், போட்டின் முதுகைப் பார்த்திருப்பான், விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று திட்டியிருப்பான். உடனே தலையைத் திருப்பிக் குதித்த இடத்தைத் தேடியிருப்பான். அங்கேதான் படி இருக்கிறது அவனுக்கு.

இறங்கி ஓடிப்போய்க் கேப்டனிடம் சொன்னேன், குதித்த இடத்துக்குத் திரும்புங்கள் என்று. எனக்குத் தெரிந்த அவர்கள் பாசையில் பாதி, இங்கிலீசில் பாதி.

மார்த்தா கூடாது என்றாள். தண்ணீரோடுதான் தேட வேண்டும், எதிரே போனால் அவன் இன்னும் தூரம் போய்விடுவான் என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அவள் செந்திலைக் கிணற்றில் பார்த்ததில்லை.

"அவர் ஏன் எதிரே நீந்தணும்?" என்று கேப்டன் கேட்டார்.

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றேன். அதற்கு மேல் விளக்க என்னிடம் பாசை இல்லை.

"பெரி, தப்பாப் போச்சுன்னா?"

தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். அவர் வயர்லெஸ்ஸில் தூரத்தில் இருந்த இன்னொரு போட்டைக் கூப்பிட்டு, வெளிக்கடல் பக்கம் நீங்கள் தேடுங்கள் என்றார். அது வந்து சேர நேரமாகும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் பார்க்க ஆளே கிடையாது. தெரிந்துகொண்டுதான் போட்டைத் திருப்பினார்.

பாதி வழியில் பார்த்தேன். வெள்ளையாகத் தண்ணீர் அடிபடுகிறது. டேங்கை முதுகில் சுமந்துகொண்டு, முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கை மாற்றிக் கை போட்டு நீந்துகிறான். ஆனால் நகரவில்லை. அம்புட்டு வேகமாக நீந்தியும் தண்ணீர் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால்தான் இழுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் அவனுக்குப் பின்னால் இருந்து வந்ததால் அவன் எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் முகம் தண்ணீருக்குள் போய்விட்டு வர நேரமானது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வந்திருக்காது.

ரெண்டு பேர் குதித்துப் பிடித்து ஏற்றினோம். தளத்தில் படுத்துக்கொண்டு உங்கள் மாமா சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"குதிச்ச எடத்துல நிக்க மாட்டீங்களா மச்சான்?"

சொல்லிவிட்டு வாந்தி எடுத்தான். இடுப்பில் பலூன் சுருட்டியபடியே இருந்தது.

"ஏன் மாப்ள, இத எடுத்து ஊதல?"

"அதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு நான் என்ன பச்சப்புள்ளயா?"

6

சாயங்காலம் டீ கொடுத்தேன். அவனால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவன் குடித்தான். பாதி குடித்துவிட்டு, அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றான். சரி என்றேன். அதுதான் அந்த வாக்கு. அந்த நேரம் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவனே அக்காவிடம் சொல்லியிருக்கிறான், உங்களிடமும் சொல்லியிருக்கிறான். அந்தக் கதையில் ஓடிப்போனது நாங்கள், நீந்தி வந்தது அவன். பொய்யில்கூட அவன் திரும்பித்தான் வருகிறான் பாருங்கள், போட் அவனிடம் போகவில்லை.

ஆபீசில் விசாரித்தார்கள். நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போய்த் தேடியது ஏன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அதை இங்கிலீசில் எழுதத் தெரியவில்லை. கேப்டன் வாங்கி, "உள்ளூர் அனுபவம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கட்டம் நிறைந்தால் போதும்.

கவின், நீ வா. உன்னை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலைப் பார்க்காமல் கிணற்றுக்குள்ளேயே சுற்றச் சொல்லவும் இல்லை. மார்த்தாவோடு இறங்கு, மாமாவோடு இறங்காதே. பாறை ஓரத்தில் தண்ணீர் கீழே இழுத்தால் மேலே ஏறப் போராடாதே, பாறையை விட்டு விலகி வெளிப்பக்கம் வா, இழுப்பு விட்டுவிடும். நீரோட்டத்தில் இருந்து வெளியே வர வேண்டும் என்றால் அதற்குக் குறுக்கே போ, எதிரே போகாதே. தனியாகிவிட்டால் மேலே வந்து பலூனை ஊது. ஊதிவிட்டு ஒன்றும் செய்யாமல் இரு. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். போட் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், தூரமாகப் போவது போலக்கூடத் தெரியும். விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நெஞ்சு சொல்லும். அதை நம்பாதே. மேலே நான் நிற்கிறேன். நீ போகிற இடத்துக்குப் போட் வரும்.

யாழினி, நீ சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எந்தக் கதையையும் சொல்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காக நம்பிவிடாதே. தூரத்தில் இருக்கிறவனிடமும் ஒரு வார்த்தை கேள்.

7

நேற்றுப் போனை வைத்ததும் அறையில் இருக்க முடியவில்லை. தீவின் பின்பக்கம் ஒரு மரப்பாலம் இருக்கிறது, சரக்குத் தோணி கட்டுகிற இடம். வெயில் சாய்ந்துவிட்டது, ஆள் யாரும் இல்லை. பாறைக்கு உட்பக்கம் என்பதால் அங்கே நெஞ்சளவு தண்ணீர்தான், ஆனால் கரையை ஒட்டி நல்ல ஓட்டம் உண்டு. இத்தனை வருசம் போட்டின் மேல்தளத்தில் நின்றே காலம் போய்விட்டது, ஓட்டத்தில் சும்மா இறங்கியதே இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

தலை மேலே வந்ததும் என் கை தானாகப் பாலத்துப் பக்கம் திரும்பி வீச ஆரம்பித்தது. நாலு வீச்சு வீசிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கையை நிறுத்திவிட்டு மல்லாக்கப் படுத்தேன். பாலம் தள்ளிப் போனது, படகுகள் போயின, பள்ளிவாசல் பின்சுவர் போனது. மணல் திட்டு ஒன்றில் கொண்டுபோய் விட்டது. எழுந்து லுங்கியைப் பிழிந்தேன்.

செருப்பு குதித்த இடத்தில் கிடந்தது. கரையோரமாக நடந்து போய் எடுத்துக்கொண்டேன்.